ஞாயிற்றுக்கிழமைக்கு மட்டுமா கிறிஸ்து?

ஆய்வகத்தில் ஒரு புட்டியின் மேல் என்ன பெயர்ச்சீட்டு ஒட்டியிருந்தாலும் நீல லிட்மஸ் தாள் அதைப் படித்துப் பார்ப்பதில்லை. உள்ளே அமிலம் இருந்தால் சிவக்கும், இல்லையென்றால் சிவக்காது. அவ்வளவுதான்! மனிதன் தன்மேல் ஒட்டிக்கொள்ளும் சமயச் சீட்டுக்கும் இப்படி ஒரு சோதனை உண்டு. அது அவன் வழிபடும் இடத்தில் நடப்பதில்லை. அவன் புழங்கும் இடத்தில் நடக்கிறது.

நான் கிறிஸ்தவன். பிற சமயத்தாரின் குறைகளை எடுத்துரைப்பது என் வேலையன்று. என் வீட்டுத் திண்ணையை நான் கூட்டுவதே முறை. ஆகவே கிறிஸ்தவத் தோழர்களை முன்வைத்தே இதை எழுதுகிறேன். மற்றவர்களும் படித்துத் தத்தம் வீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளலாம்.

இயேசு பெருமான் வழிபாட்டு முறைகளைப் பற்றிப் பேசியது குறைவு. அண்டை அயலாரோடு வாழும் முறையைப் பற்றிப் பேசியதே மிகுதி. காணிக்கையோடு பலிபீடத்தின் முன் நிற்பவனுக்கு, தன்மேல் சகோதரனுக்கு மனத்தாங்கல் உண்டென்பது நினைவுக்கு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாக வேண்டும் என்றார். சகோதரனா, காணிக்கையா என்ற கேள்வி எழுந்தபோது அவர் சகோதரனையே முதலில் வைத்தார்.

நாம் எதை முதலில் வைத்தோம்? திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் கட்டப்பட்ட ஆலயம் இதற்கு விடை சொல்லும். பீடம் ஒன்று, அதிலிருந்து இரு கால்களைப் போலப் பிரியும் மண்டபங்கள் இரண்டு. ஒரு மண்டபத்தில் ஒரு சாதியார்; மற்றதில் மற்றவர். பீடத்தை இரு சாராரும் காணலாம். ஒருவரையொருவர் காண வேண்டியதில்லை! 1910இல் பிரிவினைச் சுவர் இடிக்கப்பட்டது. உடனே எதிர்ப்பு எழுந்தது. வழக்கு நீதிமன்றம் ஏறியது. பிரிவினை வேண்டுமென்று வழக்காடியவர்கள் தோற்றார்கள்.

கத்தோலிக்கர் மட்டும்தான் இப்படி என்று சீர்திருத்த சபையார் மார்தட்ட வேண்டாம். சபைக்குள் சாதி வேற்றுமை அறவே ஒழிய வேண்டும் என்று 1833இல் கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் சாதியை விடுவதற்குப் பதில் சபையை விட்டார்கள். பொன்மோதிரக்காரனுக்கு நல்ல இருக்கையும் கந்தை உடுத்தவனுக்குக் காலடியும் காட்டுவது பாவம் என்று யாக்கோபின் நிருபம் கண்டித்துப் பதினெட்டு நூற்றாண்டுகள் ஆகியிருந்தன!

அதெல்லாம் பழங்கதை என்று தள்ளிவிட முடியுமா? செய்தித்தாளின் மணமக்கள் பகுதியைப் பாருங்கள். 'கிறிஸ்தவ' என்ற சொல்லுக்குப் பக்கத்திலேயே சாதிப் பெயர் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறது. சில ஊர்களில் கல்லறைத் தோட்டம் இன்றும் சாதிக்கொன்றாக இருக்கிறது. உயிர்த்தெழும் நாளில் எல்லாரும் ஒன்றாய் எழுவோம் என்று நம்புகிறவர்கள், ஒன்றாய்ப் படுக்க மட்டும் உடன்படவில்லை! வரதட்சணையைச் சட்டம் 1961இல் தடை செய்தது. ஆனால் பேரம் முடிந்த பிறகே ஓலை வாசிக்க ஆலயத்துக்கு வரும் திருமணங்கள் எத்தனை?

விசுவாசம் செயலானால் எப்படி இருக்கும் என்பதற்கும் நம் மண்ணிலேயே சான்று உண்டு. 1870இல் இராணிப்பேட்டையில் பிறந்த ஐடா ஸ்கடர், மருத்துவரான தந்தையின் வழியில் செல்ல விரும்பாத பெண். ஓர் இரவில் மூன்று வீடுகளிலிருந்து பிரசவ உதவி கேட்டு வந்தார்கள். ஆண் மருத்துவர் வேண்டாம் என்று மூன்று வீட்டாரும் மறுத்தார்கள். மூன்று பெண்களும் மாண்டார்கள். ஐடா வெறும் ஜெபத்தோடு நிற்கவில்லை. அமெரிக்கா சென்று மருத்துவம் படித்து 1900இல் திரும்பினார். 1918இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியையே வேலூரில் தொடங்கினார். இரக்கம் கண்ணீராக வடிந்துபோகாமல் கைத்தொழிலாக மாறியது.

எல்லாரும் ஐடா ஆக முடியுமா என்பீர்கள். வேண்டாம், நம் கல்லூரியளவில் நிற்போம். தந்தை வயதுள்ள ஆய்வக உதவியாளரை 'நீ, வா, போ' என்று அழைக்காமல் இருக்கலாம். நம்மில் பலரின் பெற்றோர் அப்படி அழைக்கப்பட்டவர்கள்தாமே! பியூரெட் அளவீடு ஒத்துவராதபோது, பக்கத்து மேசைக்காரனின் எண்ணைப் பார்த்து எழுதாமல் மீண்டும் ஒருமுறை தரம் பார்க்கலாம். நடத்துநர் தவறிக் கூடுதலாகக் கொடுத்த சில்லறையைத் திருப்பித் தரலாம். உண்ட தட்டைத் தாயோ தங்கையோ கழுவக் காத்திராமல் நாமே கழுவலாம். இவற்றுக்கு எந்த ஆலயத்திலும் மணி அடிக்க மாட்டார்கள். அதனால்தான் இவை உண்மையான சோதனைகள்.

இங்கே இரு தடைகள் எழலாம். இந்த நற்குணங்கள் இந்து, இஸ்லாமியத் தோழர்களிடமும், கடவுளே இல்லை என்போரிடமும் உள்ளனவே என்பது ஒன்று. ஆம், உள்ளன! காயப்பட்டவனைத் தூக்கிச் சுமந்தவன் ஆசாரியன் அல்லன்; ஒதுக்கப்பட்ட சமாரியன் என்றுதானே இயேசு கதை சொன்னார்? பிறரிடம் நன்மையைக் காண்பது கிறிஸ்தவனுக்கு வெட்கமன்று, பாடம்.

மீட்பு விசுவாசத்தால் வருவது, செயலால் அன்று என்பது மற்றொன்று. இருக்கட்டும். வேர்தான் மரத்துக்கு உயிர். ஆனால் பல பருவம் பார்த்தும் பூவும் காயும் காணாத மரத்தை, வேர் நன்றாயிருக்கிறது என்று எந்த உழவன் நம்புவான்?

வரும் விடுமுறையில் ஊருக்குச் செல்லும் கிறிஸ்தவத் தோழர்களே! உங்கள் ஊர்க் கல்லறைத் தோட்டம்வரை ஒருமுறை நடந்து சென்று பாருங்கள். வாசல் இரண்டாக இருந்தால், ஏன் இரண்டு என்று பெரியவர்களிடம் பணிவோடு, ஆனால் விடாமல் கேளுங்கள். உங்கள் திருமணப் பேச்சு வரும் நாளில், எனக்கு விலை வேண்டாம் என்று முதலில் நீங்களே சொல்லுங்கள். அப்போது வீட்டில் ஒரு பூசல் எழும். எழட்டும்! அந்தப் பூசலில் நிலைத்து நிற்பதும் வழிபாடே.