ஸ்பேஸை மாத்து, பேப்பரை ஏத்து!

ரெண்டு வாரம் முன்னாடி அக்கா பையன் திருப்பத்தூர் வந்திருந்தான். கணக்குல பிஎச்.டி. பண்றான், நாலாவது வருஷம். பஸ் ஸ்டாண்ட் பக்கம் டீ குடிக்கும்போது மெதுவா ஆரம்பிச்சான்.

"மாமா, ஒரு இருபதாயிரம் கிடைக்குமா? பேப்பர் போட ஜர்னலுக்குக் கட்டணும்."

என்ன பேப்பர்டான்னு கேட்டேன். அவன் தலைப்பைச் சொல்லி முடிக்கறதுக்குள்ள டீ ஆறிப்போச்சு. ஜெனரலைஸ்டு மோரே ஸ்பேஸ், அதுல ரெண்டு வெயிட், அதுக்கு மேல ஒரு ஆபரேட்டர், அது பவுண்டட்.

"இந்த ஸ்பேஸ் எதுக்குடா வேணும்?"

"தெரியல மாமா. போன பேப்பர்ல ஒரு வெயிட். இதுல ரெண்டு. அடுத்ததுல அடுக்கையும் மாத்தச் சொல்லியிருக்கார்."

அவன் மேல கோபம் வரல. இந்தத் தொழிற்சாலை மேல வந்துச்சு. அதான் இந்தப் பதிவு.

கணக்கு பிடிக்காதவங்க ஓடிடாதீங்க. கிரிக்கெட் தெரிஞ்சா போதும். ஆபரேட்டர்ங்கறது ஒரு மெஷின். ஒரு சார்பை உள்ளே போட்டா வேறொரு சார்பு வெளியே வரும். எதைப் போட்டாலும், வெளியே வர்றதோட அளவு உள்ளே போனதோட அளவைவிட ஒரு குறிப்பிட்ட மடங்குக்கு மேல போகாதுன்னா அது பவுண்டட். அளவை எப்படி அளக்கணும்னு சொல்றதுதான் ஸ்பேஸ். அவ்வளவுதான் மேட்டர்.

இப்போ கிரிக்கெட். நம்ம ராமானுஜனைக் கூப்பிட்ட அதே ஹார்டியும், லிட்டில்வுட்டும் 1930-ல ஒரு பேப்பர் போட்டாங்க. அதுல பேட்ஸ்மேனை வெச்சுத்தான் விஷயத்தையே விளக்கினாங்க. ஒரு இன்னிங்ஸ் முடிஞ்சதும், அதோட முடியற தொடர்ச்சியான ஆட்டங்களை எங்கிருந்து வேணாலும் எடுத்துக்கலாம். எதுல சராசரி அதிகமா வருதோ, அதுதான் அவனோட 'திருப்தி'. ஒருத்தன் முதல் ஆட்டத்துல 100 அடிச்சுட்டு, அப்புறம் எல்லாம் முட்டைன்னு வெச்சுக்கோங்க. திருப்தி 100, 50, 33.3, 25ன்னு போகும். அவன் எடுத்த மொத்த ரன் 100தான். திருப்தியைக் கூட்டினா? நூறு இன்னிங்ஸ்ல 518 தாண்டிடும். ஆட ஆட ஏறிக்கிட்டே போகும், நிக்கவே நிக்காது. மொத்தத்தை வெச்சு அளந்தா இந்த மெஷின் பவுண்டட் இல்லை. ஒவ்வொண்ணையும் வர்க்கப்படுத்திக் கூட்டுங்க: உள்ளே 10,000, வெளியே எத்தனை ஆட்டம் ஆடினாலும் 16,450-ஐத் தாண்டாது. மெஷின் அதேதான், அளவுகோல் மட்டும் மாறிச்சு. கதையே மாறிப்போச்சு பாருங்க!

இதுதான் ஸ்பேஸை மாத்தறதோட அருமை. அதனால, ஸ்பேஸை மாத்தறதே தப்புன்னு நான் சொல்லல. மோரே 1938-ல அந்த அளவுகோலைக் கொண்டுவந்தது, எலிப்டிக் சமன்பாடுகளோட தீர்வு எவ்வளவு வழவழப்பா இருக்கும்னு பார்க்கறதுக்கு. அடுக்கு இடத்துக்கு இடம் மாறுற ஸ்பேஸ் ஓர்லிச் காலத்துல, 1931-லயே வந்தாச்சு. பல வருஷம் கழிச்சு, மின்புலம் பட்டா கெட்டியாகிற திரவங்களை ஆராயும்போது அதுக்கு நிஜமாவே வேலை வந்துச்சு. எல்லாமே தேவையிலிருந்து வந்தது, இல்லாட்டி தேவையைச் சந்திச்சது.

நம்ம ஊர்க்கதையும் இருக்கு. எம்.எஸ். நரசிம்மன் பிறந்தது 1932-ல, பழைய வட ஆற்காடு மாவட்டத்துத் தண்டரை கிராமத்துல. நம்ம திருப்பத்தூரும் அப்போ அதே மாவட்டம்தான். அவரும் ஜப்பான்காரர் கோட்டாகேயும் 1962-ல ஒரு தேற்றம் சொன்னாங்க. கெழுக்கள் நல்லபடியா இருக்கற எலிப்டிக் ஆபரேட்டரை ஒரு சார்பு மேல திரும்பத் திரும்பப் போடு. அளவு எவ்வளவு வேகமா வளருதுன்னு மட்டும் பாரு. அதை வெச்சே அந்தச் சார்பு அனலிட்டிக்கா இல்லையான்னு சொல்லிடலாம்! அளவை மட்டும் பார்த்து குணத்தைச் சொல்றது. கிராமத்துலேர்ந்து போன மனுஷன் செஞ்சது இது.

இன்னொண்ணு. பவுண்டட் இல்லைங்கறதும் சாதாரண விஷயம் இல்லை. ஜவ்வாது மலையில காவலூர்ல 1986-ல திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி நிக்குது. நட்சத்திர வெளிச்சத்தைக் காற்று கலைச்சுடும். கலைக்கிறது பவுண்டட். கலைஞ்சதைத் திருப்பிச் சரிபண்றது பவுண்டட் இல்லை, துளி இரைச்சலையும் பூதமாக்கிடும். 1971-ல ஃபெஃபர்மன் பேர் வாங்கினதும், வட்டத்துக்குள்ள இருக்கற அலைகளை மட்டும் வடிகட்டுற ஆபரேட்டர் வர்க்க அளவு தவிர மத்த எதுலயும் பவுண்டட் இல்லைன்னு காட்டித்தான்.

எதிர்ப்பக்கம் என்ன சொல்வாங்கன்னு தெரியும். "பொதுமைப்படுத்தறதுதானே கணிதம்? நாளைக்கு உதவும் சார்." நியாயம்தான். ஆனா எல்லாத்துக்கும் அதையே சொன்னா எப்படி? நான் மூணே கேள்வி கேட்கறேன். பழைய ஸ்பேஸ்ல முடியாத எந்தக் கேள்வி இதுல முடியுது? தேற்றம் எங்கே தோற்குதுன்னு ஓர் உதாரணமாவது இருக்கா? பழைய நிரூபணத்துல எழுத்தை மாத்தினதைத் தவிர வேற என்ன இருக்கு? மூணுக்கும் பதில் இல்லேன்னா அது ஆராய்ச்சி இல்லை, ஜெராக்ஸ்.

இதுல பெரிய பழி விதிமேல. யு.ஜி.சி. 2009-ல, ஆய்வேட்டைக் கொடுக்கறதுக்கு முன்னாடி ஒரு கட்டுரையாவது வெளியாகணும்னு கட்டாயமாக்குச்சு. நல்ல எண்ணம்தான். ஆனா பேப்பரை எண்ண ஆரம்பிச்சா பேப்பர் மட்டும்தான் விளையும். 2022 விதியில அந்தக் கட்டாயத்தை எடுத்தாச்சு. ஆனா விதி போனாலும் பழக்கம் போகலியே! நல்ல பையன்களோட நாலு வருஷம் இதுல கரையுது, வீட்டுக்காசும் கரையுது. வெளியே வந்து, எம்.எஸ்சி. பசங்களுக்கு இவங்கதானே பாடம் எடுக்கப் போறாங்க? ஸ்பேஸ் எதுக்குன்னு தெரியாதவர்கிட்ட படிக்கிறவனுக்கு என்ன தெரியும்?

அவனுக்குக் காசு தரேன்னுதான் சொன்னேன். ஒரே நிபந்தனை. அந்த ரெண்டு வெயிட் நிபந்தனைக்குக் கையால ஓர் உதாரணம் போட்டுட்டு வா.

முந்தாநாள் ராத்திரி போன் பண்ணான். "மாமா, எந்த உதாரணம் போட்டாலும் ரெண்டு வெயிட்டும் ஒண்ணாயிடுது. பழைய ஸ்பேஸேதான் வருது." குரல் கம்மிப் போயிருந்துச்சு.

"ஏன் ஒண்ணாகுதுன்னு நிரூபிச்சுடு. அதான்டா உன் முதல் சொந்தத் தேற்றம்"னேன்.

உதவித்தொகை இன்னும் ஒரு வருஷம்தான் வரும். கைடு ஒத்துக்குவாரான்னு தெரியல. ஆனா, எதுக்குன்னு கேட்கறதை இனி நிறுத்த மாட்டான்.