இசையரங்கின் கடைக்கோடியில் தமிழ்

2017ஆம் ஆண்டில் யுனெசுகோ மன்றம் சென்னையை இசைக்குச் சிறந்த ஆக்க நகரங்களுள் ஒன்றாக அறிவித்தது. அதனைக் கேட்டு மகிழாத தமிழர் இரார், யாமும் மகிழ்ந்தோம். ஆயின், இம்மாநகரின் இசை எம்மொழியில் ஒலிக்கின்றது, எவர் செவியை நோக்கி ஒலிக்கின்றது என்று அந்த ஆரவாரத்திடையே கேட்டவர் மிகச் சிலரே. அவ்வினாவை இன்றேனும் கேட்டாக வேண்டும்.

மார்கழி பிறந்தால் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் இராயப்பேட்டையிலும் இசை மன்றங்கள் காலை முதல் இரவு வரை திறந்தே இருக்கும். மன்றத்தை ஒட்டிய உண்டிச்சாலைகளிலும் கூட்டம் நெருங்கும். (பாட்டுக்கு வந்தவர் எத்துணையர், அடைக்கும் காப்பிக்கும் வந்தவர் எத்துணையர் என்று யாம் எண்ணப் புகவில்லை.) அரங்கினுள் நிகழ்வது யாது? முதலில் வண்ணம், பின்னர்ச் சில கீர்த்தனைகள், நடுவே, பண்ணை விரித்துப் பாடி, ஒரே அடியைப் பன்முறை மடக்கி, சுரக்கோவை தொடுத்து, முக்கால் மணி நேரத்துக்கு மேலும் நீளும் தலைமைப் பாட்டு, அதன் முடிவில் முழவர் தனித்து முழக்குவர். அவையோரிற் பலர் எழுந்து வெளியே செல்வது அப்பொழுதுதான். அதன் பிறகு வருவதற்குத் 'துக்கடா' என்று பெயர். துண்டு என்று பொருள்படும் வடபுலச் சொல் அது. தமிழ்ப் பாட்டுக்கு நெடுங்காலமாக ஒதுக்கப்பெற்ற இடம் அந்தத் துண்டுதான். பாதி அவை கலைந்தபின், பாடகர் களைத்தபின், ஐந்து நிமையத்தில் முடியும் பாட்டாகத் தமிழ் வந்து நிற்கும். வீட்டுக்கு உரியவள் விருந்தினர் உண்டபின் அடுக்களையில் அமர்ந்து உண்பது போன்றது இது.

இந்நிலையை எதிர்த்து எழுந்ததே தமிழிசை இயக்கம். 1929இல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி கண்ட அண்ணாமலை அரசர், 1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூட்டினார். 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் பிறந்தது. கல்கியும், இரசிகமணி டி.கே.சி.யும், இராசாசியும் அதன் பக்கம் நின்றனர். எதிர்த்தோர் அன்று கூறிய தடை ஒன்றே: 'இசைக்கு மொழி இல்லை' என்பது. மொழி இல்லையெனில் தமிழில் பாடுவதால் என்ன குறைந்துவிடும்? தெலுங்குக்கும் சமற்கிருதத்துக்கும் நடு அரங்கும் தமிழுக்குக் கடைக்கோடியும் வகுத்த கை, மொழி அறியாத கையா? இவ்வினாவுக்கு அன்றும் விடையில்லை; இன்றும் இல்லை. தியாகராசர் தம் தாய்மொழியில் பாடினார், அது முறையே. அவரைப் போற்றுவோர் அவர் செய்ததைத் தம் தாய்மொழிக்கும் செய்ய வேண்டுமென்றே யாம் கேட்கின்றோம்.

நடுவுநிலை பிறழாமல் ஒன்று கூறுவோம். நிலை முன்போல் முழுதும் இல்லை. கோபாலகிருட்டிண பாரதியாரும் பாவநாசம் சிவனும் இப்பொழுது சில அரங்குகளில் தலைமைப் பாட்டாக வருகின்றனர். ஆயினும் முத்துத்தாண்டவரும் மாரிமுத்தாப் பிள்ளையும் இன்னும் வாயிலிலேயே நிற்கின்றனர். தேவாரப் பண்களை ஓதுவார் பாடக் கேட்க வேண்டுமெனில் பெரும்பாலும் கோயிலுக்கே செல்ல வேண்டியுள்ளது. அரங்கின் அகலம் ஏழு கோல், நீளம் எட்டுக் கோல், உயரம் ஒரு கோல் என்று அளவு வகுத்து, இசையாசிரியன், தண்ணுமையோன், குழலோன், யாழோன் ஒவ்வொருவர்க்கும் இலக்கணம் சொன்ன சிலப்பதிகாரம் எம்மிடம் உள்ளது. ஆபிரகாம் பண்டிதர் 1917இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்டார்; விபுலானந்த அடிகள் 1947இல் யாழ்நூலை அரங்கேற்றினார். இவற்றின் பெயரையேனும் அறிந்த இளம் பாடகர் எத்துணையர்?

மாநகரின் மறுபுறம் இரவு விடுதிகள். அங்கு ஒலிப்பது பெரும்பாலும் ஆங்கிலமும் இந்தியும். தமிழ் வந்தால் திரைப்பாட்டாக வரும். அதைப் பற்றி நீட்டி எழுத ஒன்றுமில்லை. ஆனால் கித்தாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, தாமே தமிழில் எழுதித் தாமே பாடும் இளைஞர் குழுக்கள் சில அண்மைக் காலத்தில் தோன்றியுள்ளன. அவர்தம் கருவி மேனாட்டது என்று முகஞ்சுளிக்கும் புலவர்களுக்கு ஒரு சொல்: பிடிலும் மேனாட்டிலிருந்து வந்ததே. கருவியைப் பொறுத்துக்கொண்ட நாம் பாட்டின் மொழியை ஏன் கைவிட்டோம் என்பதே கேள்வி. அவ்விளைஞர் ழகரத்தைச் செம்மையாக ஒலித்தால் இன்னும் மகிழ்வோம்.

வடசென்னையின் கானாப் பாட்டு இவ்விரண்டுக்கும் வெளியே, இறப்பு வீட்டின் முன்றிலில் வளர்ந்தது. அதில் பிறசொற்கள் மிகுதி என்பதை மறுக்கவில்லை. தனித்தமிழ்க் காதுக்கு அது உறுத்தும். ஆனால் உழைக்கும் தமிழன் தன் துயரைத் தன் நாவால் பாடிய பாட்டு அது. அதனை மேடையேற்ற இந்நகருக்கு எத்துணை ஆண்டுகள் வேண்டியிருந்தன! ஊரூர் ஆல்காட்டுக் குப்பத்தில் மீனவர் தெருவிலேயே 2015இல் கலைவிழா தொடங்கிற்று. 2018 சனவரியில் கீழ்ப்பாக்கத்தில், இயக்குநர் பா. இரஞ்சித்து முன்னின்று உருவாக்கிய 'காசுட்லெசு கலெக்டிவ்' குழுவினர் கானாவும் பறையும் கித்தாரும் சேர்த்துச் சாதிக்கு எதிராகப் பாடினர். 2020 முதல் 'மார்கழியில் மக்களிசை' நிகழ்ந்தது. மார்கழி என்னும் சொல்லை ஒரு சாராரிடமிருந்து மீட்டதே பெருஞ்செயல். எம் மாணவருள் பறையடிப்போர் மகன் ஒருவன் வகுப்பில் தாளம் போட அஞ்சுவான். அவன் தந்தையின் தொழில் தெரிந்துவிடுமாம். இசை நகரம் என்னும் பட்டத்தை அவன் அச்சத்தின் அருகில் வைத்துப் பார்க்க வேண்டும்.

எனவே அன்பர்கள் செய்யத் தக்கது இது. நுழைவுச்சீட்டு வாங்கும் மன்றத்தின் செயலர்க்கு ஓர் அஞ்சலட்டை எழுதுங்கள்: தலைமைப் பாட்டும் விரித்துப் பாடும் பல்லவியும் தமிழில் எத்துணை அரங்குகளில் வரும் என்று விழாவுக்கு முன்பே கேளுங்கள். நாகசுரத்தை மங்கலத்துக்கு மட்டும் வாயிலில் நிறுத்தாமல் மாலை அரங்கில் அமர்த்தச் சொல்லுங்கள். ஆசிரியராய் உள்ளோர் தம் மாணவரை ஒருநாள் பண்ணிசை கேட்கவும் ஒருநாள் பறை கேட்கவும் அழைத்துச் செல்லுங்கள். செயலர்கள் விடுக்கும் மறுமொழிகளை எமக்கு அனுப்புங்கள். பெயர் நீக்காமல் அடுத்த இதழில் அச்சிடுவோம்.