அடுப்பில் வைத்துக் காட்டுங்கள்

பேட்டன்ட் எனப்படும் ஆக்கவுரிமை வழக்குகளில் இரசாயன நிறுவனங்களின் வழக்கறிஞர்கள் தவறாமல் எடுக்கும் ஆயுதம் ஒன்றுண்டு. இரசாயனம் எதிர்வுகூற முடியாத துறை. ஆகவே சிறு மாற்றமும் கண்டுபிடிப்பே என்பார்கள். முற்பாதி உண்மை. பிற்பாதி வியாபாரம்.

பி.வி.சி. பிளாஸ்டிக்கை உருக்கி வார்க்க ஏறத்தாழ 160 முதல் 200 பாகை செல்சியஸ் வெப்பம் வேண்டும். அவ்வெப்பத்தில் ஐதரசன் குளோரைட்டு பிரிந்து, அதுவே மேலும் சிதைவைத் தூண்ட, பொருள் மஞ்சளாகிப் பின் கறுக்கிறது. அதைத் தடுப்பதே நிலைப்படுத்தி. அறியப்பட்ட வெள்ளீய நிலைப்படுத்தி ஒன்றின் காபன் சங்கிலியைச் சற்று நீட்டிவிட்டு ஒரு நிறுவனம் இருபது ஆண்டு ஏகபோகம் கேட்கிறது என்று கொள்வோம். துறையில் சாதாரண தேர்ச்சியுள்ளவருக்கு அது வெளிப்படையானதா? 1952 முதல் அமெரிக்கச் சட்டத்தின் 103ஆம் பிரிவு கேட்கும் கேள்வி இதுவே.

வாய்பாட்டைப் பார்த்து மட்டும் இதற்கு விடை கூற முடியாது. 1963இல் பபெஷ் வழக்கில், மெதில் தொகுதிகள் இருந்த இடத்தில் எதில் தொகுதிகள் இருந்தன, அவ்வளவே வேறுபாடு. ஆனால் புதிய சேர்வை அழற்சியைத் தணித்தது, பழையது தணிக்கவில்லை. பரிசோதனை அதைக் காட்டியதால் விண்ணப்பதாரர் வென்றார். 1990இல் டில்லன் வழக்கில், எரிபொருளிற் சேர்க்கும் சேர்வை பழையதை ஒத்திருந்தது. எதிர்பாராத பயன் எதுவும் நிறுவப்படவில்லை. நீதிமன்றம் மறுத்தது. இரண்டுமே சரியான தீர்ப்புகள் என்பேன்.

எனவே நிறுவனம் செய்யவேண்டியது எளிது. மிக நெருங்கிய பழைய நிலைப்படுத்தியையும் தனது புதியதையும் ஒரே அளவில் சேர்த்து, ஒரே அடுப்பில் வைத்து, எத்தனை நிமிடத்தில் எது நிறம் மாறுகிறது என்று காட்டட்டும். நெருங்கியதை விட்டுவிட்டு நோஞ்சானான வேறொன்றோடு ஓடி வெல்வது பந்தயமன்று.

இதைவிடப் பெரிய சூழ்ச்சி வாய்பாட்டில் வரும் 'ஆர்' என்ற எழுத்தில் இருக்கிறது. அது எந்தக் காபன் தொகுதியையும் குறிக்கலாமாம்! சோதித்தவை மூன்று சேர்வைகள். உரிமை கோருவதோ ஆயிரக்கணக்கானவற்றுக்கு. மூன்றின் சான்று மூன்றுக்கும் அவற்றை நியாயமாக ஒத்தவற்றுக்குமே போதும். இரசாயனம் எதிர்வுகூற முடியாததென்றால், சோதிக்காத மீதி ஆயிரமும் வேலைசெய்யும் என்று இவர்களுக்கு எப்படித் தெரிந்தது?

2007இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் கே.எஸ்.ஆர். வழக்கில் ஆராய்ந்தது வாகன மிதிகட்டையை. அதைக் கண்ணால் பார்த்தே ஓரளவு விளங்கிக்கொள்ளலாம். நிலைப்படுத்தியை அடுப்புத்தான் விளக்கும். அந்த அடுப்பின் செலவை ஏகபோகம் கேட்பவரே ஏற்கவேண்டும்.