916, கேடிஎம், ஹால்மார்க்: மூன்றும் ஒன்றல்ல

தமிழ்நாட்டு நகைக்கடைகளில் ‘916 கேடிஎம்’ என்பது நெடுங்காலமாக ஒரே மூச்சில் சொல்லப்பட்டுவரும் பெயர். அந்தப் பெயரைச் சொல்லி விற்கும் நகை சுத்தத் தங்கம், அதற்கு மேல் எதையும் பார்க்க வேண்டியதில்லை என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. இந்த நம்பிக்கை தவறானது. 916 என்பது தங்கத்தின் அளவு. கேடிஎம் என்பது பற்றவைக்கும் முறை. ஹால்மார்க் என்பது சோதனையின் முத்திரை. இவற்றில் வாங்குபவர் கையில் சான்றாக நிற்பது மூன்றாவது மட்டுமே. நம்பிக்கையின் கூறுகளைத் தனித்தனியே எடுத்துப் பார்க்கலாம்.

1. ‘916 என்றால் கலப்பில்லாத தங்கம்’

தங்கத்தின் தூய்மையைக் காரட் கணக்கில் 24 பங்காகப் பிரிப்பது வழக்கம். 24 பங்கும் தங்கமானால் அது சுத்தத் தங்கம். 22 பங்கு தங்கம் என்றால் ஆயிரத்தில் ஏறத்தாழ 916 பங்கு. மீதி 84 பங்கு செம்பு, வெள்ளி, துத்தநாகம் போன்ற உலோகங்கள். ஆகவே 8 கிராம் எடையுள்ள ஒரு பவுன் நகையில் சுமார் 7.33 கிராம்தான் தங்கம்.

இந்தக் கலப்பு ஏமாற்று வேலை அல்ல. சுத்தத் தங்கம் மிகவும் மென்மையானது. அதில் செய்த வளையல் எளிதில் நெளியும்; கொக்கி விரிந்துகொடுக்கும். பிரிட்டிஷ் சவரன் நாணயமே 22 காரட்தான். அதன் எடை 7.988 கிராம், அதிலுள்ள தங்கம் 7.322 கிராம். 18 காரட் (750), 14 காரட் (585) நகைகளையும் போலி என்று ஒதுக்குவது சரியல்ல. கல்லை இறுகப் பிடிக்கும் உறுதி தேவை என்பதால் வைர நகைகள் பெரும்பாலும் 18 காரட்டில் செய்யப்படுகின்றன. 18 காரட் நகையை 22 காரட் விலைக்கு விற்பதுதான் குற்றம்.

2. ‘கேடிஎம் என்பது உயர்ந்த தரம்’

கேடிஎம் என்பது காட்மியம் என்ற உலோகத்தைக் குறிக்கும் வணிக வழக்கு. அதற்கும் தங்கத்தின் தரத்துக்கும் நேரடித் தொடர்பு இல்லை. சங்கிலி செய்யும்போது ஒவ்வொரு கண்ணியையும் வளைத்து, அதன் வாயில் பற்றாசு (ஒட்டுவதற்கான உலோகக் கலவை) வைத்து, வெண்காரம் தடவி, ஊதுகுழலால் தீயைக் குவித்து ஒட்டுவார்கள். நகை உருகுவதற்கு முன்பே பற்றாசு உருகியாக வேண்டும். அதற்காகப் பழைய முறையில் 60 பங்கு தங்கமும் 40 பங்கு செம்பும் கலந்த பற்றாசைப் பயன்படுத்தினார்கள்.

இதனால் தூய்மை எப்படிக் குறைகிறது என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 40 கிராம் சங்கிலியில் 38 கிராம் 22 காரட் தங்கம், 2 கிராம் பற்றாசு என்று வைத்துக்கொண்டால், மொத்தத் தங்கம் 34.83-உம் 1.2-உம் சேர்ந்து 36.03 கிராம். சங்கிலியை உருக்கினால் தூய்மை 916-க்குப் பதிலாக 901 ஆகிவிடும். காட்மியம் இந்த இடத்தில்தான் வந்தது. 321 டிகிரி செல்சியஸில் உருகும் இந்த உலோகத்தை 8 பங்கு சேர்த்தாலே, 92 பங்கு தங்கம் உள்ள பற்றாசு கிடைக்கும். அதே சங்கிலியை இதைக்கொண்டு பற்றவைத்தால் தூய்மை 916-க்குக் குறையாது. கேடிஎம் நகைக்கு வந்த நற்பெயரின் காரணம் இவ்வளவுதான்.

ஆனால் அந்தப் பெயர் பற்றாசைப் பற்றியே பேசுகிறது. பற்றவைக்கப்பட்ட தங்கம் எத்தனை காரட் என்று சொல்வதில்லை. 18 காரட் நகையையும் காட்மியப் பற்றாசால் ஒட்டலாம். மேலும் காட்மியம் 767 டிகிரியில் கொதித்து ஆவியாகும். அந்தப் புகை நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். காட்மியம் மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்பதும் உறுதிசெய்யப்பட்டது. பட்டறையில் குனிந்து ஊதும் பொற்கொல்லரே இதில் முதலில் பாதிக்கப்படுபவர். இந்தியத் தர நிர்ணய அமைவனமான பிஐஎஸ் தங்க நகையில் காட்மியத்தை ஏற்பதில்லை. துத்தநாகம், இண்டியம் போன்றவை சேர்ந்த பற்றாசுகள் அதன் இடத்துக்கு வந்துவிட்டன. எனவே இன்று ஒரு கடை ‘கேடிஎம்’ என்பதைச் சிறப்பாக விளம்பரப்படுத்தினால், அது கைவிட வேண்டிய முறையையே விளம்பரப்படுத்துகிறது.

3. ‘916 என்று பொறித்திருந்தால் போதும்’

எண்ணை யாரும் பொறித்துவிடலாம். ஹால்மார்க் என்பது பிஐஎஸ் அங்கீகரித்த சோதனை மையம் நகையைச் சோதித்த பிறகு இடும் முத்திரை. எக்ஸ்-கதிர்க் கருவி முதலில் நகையின் மேற்பரப்பைப் பார்க்கிறது. உள்ளே என்ன இருக்கிறது என்பதை அதனால் அறிய முடியாது. அதனால் மாதிரியாக ஒரு துணுக்கை வெட்டி எடுத்து, வெள்ளி சேர்த்து, ஈயத் தகட்டில் சுற்றி, புடக்கிண்ணத்தில் இட்டு, உலையில் வைக்கிறார்கள். செம்பு போன்றவற்றை உருகிய ஈயம் இழுத்துக்கொண்டு அந்தக் கிண்ணத்துக்குள் ஊறிப் போய்விடும். எஞ்சும் சிறு மணியிலுள்ள வெள்ளியை நைட்ரிக் அமிலம் கரைத்துவிடும். இறுதியில் மிஞ்சுவது தங்கம் மட்டுமே. அதை எடை போட்டுத் தூய்மையைக் கணக்கிடுகிறார்கள்.

இந்தியாவில் தங்க நகைக்கு ஹால்மார்க் 2000-ல் விருப்பத்தின் பேரில் தொடங்கியது. 2021 ஜூன் முதல் படிப்படியாகக் கட்டாயமாயிற்று. இன்றைய முத்திரையில் மூன்று குறிகள் இருக்கும்: பிஐஎஸ் சின்னம், 22கே916 போன்ற தூய்மைக் குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க எச்யுஐடி என்ற தனி அடையாள எண். 2023 ஏப்ரல் 1 முதல் எச்யுஐடி இல்லாத ஹால்மார்க் நகையைக் கடைகள் விற்கக்கூடாது. ‘பிஐஎஸ் கேர்’ செயலியில் அந்த எண்ணை இட்டால் நகையின் வகை, தூய்மை, முத்திரையிட்ட மையம் ஆகியவை தெரியும். வளையலுக்குரிய எண் மோதிரத்தில் இருந்தால் அங்கேயே குட்டு வெளிப்படும். 2 கிராமுக்குக் குறைந்த நகைகளுக்குக் கட்டாயம் இல்லை என்பதால், சிறிய மூக்குத்தி போன்றவற்றில் ரசீதே துணை.

4. ‘ஹால்மார்க் இருந்தால் விலையும் சரியாக இருக்கும்’

ஹால்மார்க் தூய்மைக்கு மட்டுமே பொறுப்பேற்கிறது. செய்கூலி, சேதாரம், கல்லின் மதிப்பு ஆகியவற்றை அது கட்டுப்படுத்துவதில்லை. கல்லின் எடையைத் தங்கத்தின் எடையோடு சேர்த்து விலை போட்டால் முத்திரை அதைத் தடுக்காது. அதனால் ரசீதில் தங்கத்தின் நிகர எடை, காரட், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை தனித்தனியே இருக்க வேண்டும். முத்திரையில் சொன்ன தூய்மை நகையில் இல்லை என்று சோதனையில் தெரிந்தால், அந்தக் குறைவின் மதிப்பைப் போல இரு மடங்கும் சோதனைக் கட்டணமும் இழப்பீடாகப் பெற 2018-ம் ஆண்டு பிஐஎஸ் விதிகள் வழி செய்கின்றன. அதற்கும் ரசீது வேண்டும்.

5. ‘பெயரில் உள்ள பொருள் நகையில் இருக்கும்’

வெள்ளைத் தங்கம் பிளாட்டினம் அல்ல. பல்லேடியம் அல்லது நிக்கல் கலந்த தங்கம் அது. பளிச்சென்ற வெண்மை ரோடிய முலாமால் வருவது, தேய்ந்தால் மறுபடி பூச வேண்டும். பிளாட்டினம் தனி உலோகம்; நகையில் வழக்கமாக 95 சதவீதத் தூய்மையில் வரும்.

‘ஒரு கிராம் தங்க’ நகையில் ஒரு கிராம் தங்கம் இருக்க வேண்டும் என்பதில்லை. அது செம்பின் மேலோ பித்தளையின் மேலோ ஏற்றிய மெல்லிய முலாம். சிதம்பரம் கவரிங் தன் பெயரிலேயே உண்மையைச் சொல்லிவிடுகிறது. தாம்பூலத் தட்டுகளில் காணும் ஜெர்மன் சில்வர், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் சேர்ந்த கலவை. அதில் வெள்ளி கிடையாது. 925 என்ற குறிதான் 92.5 சதவீத வெள்ளியைக் குறிப்பது. அமெரிக்கன் டைமண்ட் என்று விற்கப்படுவது சிர்கோனியம் ஆக்சைடால் செய்த செயற்கைக் கல்; வைரம் அல்ல.

வீட்டில் இருக்கும் பழைய கேடிஎம் நகையை நினைத்து அஞ்ச வேண்டியதில்லை. அதை வைத்திருக்கவும் விற்கவும் தடை இல்லை; தூய்மை தெரிய வேண்டுமானால் பிஐஎஸ் அங்கீகாரம் பெற்ற மையத்தில் கட்டணம் செலுத்திச் சோதிக்கலாம். புதிய நகை வாங்கும்போது மூன்று குறிகளைப் பாருங்கள், எச்யுஐடியைச் செயலியில் சரிபாருங்கள், விவரமான ரசீதைக் கேட்டு வாங்குங்கள். ‘கேடிஎம்’ என்ற சொல்லுக்காக ஒரு ரூபாய்கூட அதிகம் கொடுக்காதீர்கள்.