ஆறு யானைகளும் நமது பேனாவும்

2025 பெப்ரவரியில் ஹபரணைக்கு அருகே பயணிகள் புகையிரதமொன்று யானைக் கூட்டத்தில் மோதித் தடம்புரண்டது. ஆறு யானைகள் மாண்டன. பயணிகள் எவருக்கும் காயமில்லை. அன்று பரவிய காணொளி ஒன்றில், அடிபட்டுத் தண்டவாளத்தருகே கிடந்த இளம் யானைக்குக் காவலாக மற்றொரு யானை நின்றது. இரண்டினதும் துதிக்கை நுனிகள் பின்னியிருந்தன.

அதைத் துக்கம் என்று எழுதினால், "உணர்ச்சி வேண்டாம், செய்தியை எழுது" என்பது பத்திரிகை மேசையின் வழக்கம். இளம் நிருபர்களிடம் நானும் அப்படிச் சொன்னவன்தான். விலங்கு செத்தால் எண்ணிக்கை போதும் என்றிருந்தோம்.

அறிவியலும் ஒருகாலத்தில் அப்படித்தான் இருந்தது. இன்றைய தான்சானியாவின் கொம்பேயில் 1960இல் ஆய்வைத் தொடங்கிய ஜேன் குடால், சிம்பன்சிகளுக்கு இலக்கமிடாமல் பெயரிட்டார். அவருடைய கட்டுரையில் 'அவன்', 'அவள்' என்றிருந்தவற்றை ஆய்விதழ்க்காரர் 'அது' என்று திருத்தினர். குடால் பணியவில்லை, பழையபடியே மாற்றினார். 1972இல் ஃபுளோ என்ற தாய் இறந்தபோது, எட்டு வயது மகன் ஃபிளிண்ட் உணவை வெறுத்து ஒடுங்கிப்போய், சில வாரங்களில் தானும் இறந்தான். இதை எந்த எண்ணிக்கையில் சேர்ப்பது?

"விவசாயியின் உயிரைவிட யானையின் மனம் பெரிதோ?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2023இல் மட்டும் இலங்கையில் 400இற்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் 150இற்கும் மேற்பட்ட மனிதர்கள் உயிரிழந்தனர். ஆனால் பயிருக்குள் இறங்குபவை பெரும்பாலும் வளர்ந்த ஆண் யானைகள், அவற்றுள்ளும் எல்லாமல்ல. வெடி கொளுத்திக் கூட்டமாகச் சரணாலயத்துக்குள் விரட்டும்போது அகப்படுபவை பெரும்பாலும் தாய்களும் குட்டிகளுமே. மின்வேலிக்குள் தீனியின்றி அவை மெலிகின்றன. வயலை அழித்தவன் வெளியே நிற்கிறான். யானைகளை வேறுபாடின்றி ஒரே கூட்டமாகப் பார்த்த தவறுக்கு விவசாயியும் விலை கொடுக்கிறான்.

நமது இலக்கணம் விலங்கை அஃறிணையில் வைத்தது உண்மை. ஆனால் ஒருசார் விலங்குகளுக்கு ஆறாம் அறிவான மனமும் உண்டென்று கொண்டவர்கள் நமது பழைய உரைமரபிலேயே இருந்தார்கள். நான் திணையை மாற்றச் சொல்லவில்லை. எத்தனை செத்தன என்று எழுதும்போது, செத்தது தாயா, குட்டியா, பிழைத்தது எதன் அருகே நின்றது என்பதையும் எழுதுங்கள் என்கிறேன். அவ்வரிகளை வெட்டியவர்களில் நானும் ஒருவன்.