எதிரணியை எடைபோடும் தராசு

"விளையாட்டில் சாதியை இழுக்காதீர்கள்" என்று நமக்கு ஓயாமல் பாடம் எடுக்கிறார்கள். கோட்டுக்குள் இறங்கிவிட்டால் திறமை ஒன்றுதான் பேசுமாம். வியர்வைக்குச் சாதி கிடையாதாம். வியர்வைக்குச் சாதி கிடையாது, உண்மைதான். ஆனால் யார் வியர்வை சிந்துவது, யார் யோசிப்பது என்று பிரித்துக் கொடுக்கிறவனுக்குச் சாதி உண்டு. அவன் கையிலிருக்கும் தராசைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கிறது.

அந்தத் தராசைப் பட்டவர்த்தனமாகப் பார்க்க வேண்டுமானால் அமெரிக்கக் கல்லூரிகளின் ஃபுட்பாலைப் பாருங்கள். நம் வியாசர்பாடிப் பிள்ளைகள் காலால் ஆடும் ஆட்டம் அல்ல அது. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி, தலைக்கவசம் மாட்டிக்கொண்டு, உடலோடு உடல் மோதி ஆடுவது. சனிக்கிழமை தோறும் நடக்கும். மிச்சிகன் பல்கலைக்கழக மைதானத்தில் மட்டும் ஒரு லட்சம் பேருக்கு மேல் உட்காரலாம். ஆட்டத்துக்கு முந்தைய வாரம் முழுக்கப் பயிற்சியாளர்கள் எதிரணியின் படங்களைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டு, ஒவ்வொரு ஆட்டக்காரரையும் எடைபோட்டுக் குறிப்பு எழுதுவார்கள். யார் வேகம், யார் பலம், யார் தடுமாறுவார், யாருக்கு மூளை வேலை செய்யும் என்று வரிசையாக வரும்.

இதில் கடைசிக் கேள்விதான் விவகாரமே. அணியில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. எதிரணி எப்படி நிற்கிறது என்று படித்து, பந்தை யாருக்கு எறிவது என்று நொடியில் முடிவெடுப்பவர். அணியின் மூளை. பல பத்தாண்டுகளாக அந்த இடம் வெள்ளையருக்கு. ஓடுவது, தாவிப் பிடிப்பது, துரத்துவது கறுப்பருக்கு. இதை 1970ஆம் ஆண்டிலேயே ஜான் லாய், ஜோசப் மெக்எல்வோக் என்ற இரு ஆய்வாளர்கள் எண்ணிக் காட்டினார்கள். முடிவெடுக்கும் நடு இடங்களில் வெள்ளையர்கள், ஓரங்களில் கறுப்பர்கள். தற்செயலாக இப்படி அமையாது.

வாரன் மூன் என்ற கறுப்பினக் குவார்ட்டர்பேக் 1978இல் ரோஸ் பவுல் போட்டியில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தை வெற்றிபெற வைத்தார். ஆட்ட நாயகனும் அவரே. அதே ஆண்டு தொழில்முறை அணிகள் வீரர்களைத் தேர்வு செய்தபோது அவரை ஒருவரும் எடுக்கவில்லை. கனடாவுக்குப் போய் எட்மன்டன் அணிக்கு அடுத்தடுத்து ஐந்து கோப்பைகளை வாங்கிக் கொடுத்த பிறகுதான், 1984இல், அமெரிக்க லீக்கின் கதவு திறந்தது. பழங்கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2016இல் கல்லூரி ஃபுட்பாலின் மிக உயர்ந்த விருதான ஹைஸ்மன் பெற்ற லமார் ஜாக்சனுக்கு, 2018 தேர்வுக்கு முன்னால் "நீ பந்தைப் பிடிக்கும் இடத்துக்கு மாறிக்கொள்" என்று அறிவுரை வந்தது. அவர் மாறவில்லை. மறு ஆண்டே லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரர் ஆனார்.

தலையில் பிறந்தவன் யோசிப்பான், காலில் பிறந்தவன் உழைப்பான் என்ற கதையை நாம் எங்கே கேட்டோம்? புருஷ சூக்தம் படிக்காத வெள்ளைக்காரனுக்கும் அதே புத்தி எப்படி வந்தது என்று ஆச்சரியப்பட வேண்டியதில்லை. பிறப்பை வைத்து மனிதரை அடுக்கும் எந்த அமைப்பும் முதலில் செய்வது மூளையையும் உடம்பையும் பிரித்து, மூளையைத் தனக்கு எடுத்துக்கொள்வதுதான். 1946இல் அண்ணல் அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு போய்ஸுக்குக் கடிதம் எழுதியதும், 1972இல் மராட்டிய இளைஞர்கள் தங்கள் இயக்கத்துக்கு தலித் பேந்தர்ஸ் என்று பெயர் வைத்ததும் இந்த ஒற்றுமையைக் கண்டதால்தான்.

நம் மண்ணின் சாட்சி பல்வங்கர் பாலு. இந்தியாவின் முதல் பெரிய சுழற்பந்து வீச்சாளர், தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்ட சாதியில் பிறந்தவர். புனேயில் இந்து அணிக்காக விக்கெட் எடுத்துக் கொடுத்தார். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் வெளியே, தனி மண் குவளையில் தேநீர். 1911 இங்கிலாந்துப் பயணத்தில் நூறு விக்கெட்டுகளுக்கு மேல் எடுத்தார். அவர் கை சுழற்றிய பந்து வேண்டும், அவர் தலைமை வேண்டாம். கேப்டன் பதவி அவருக்குக் கடைசிவரை தரப்படவில்லை. அவர் தம்பி விட்டலுக்கு 1923இல்தான், பெரும் சண்டைக்குப் பிறகு கிடைத்தது.

அதே 1923. அக்டோபர் 5ஆம் நாள் இரவு. அயோவா ஸ்டேட் கல்லூரியின் முதல் கறுப்பின விளையாட்டு வீரர் ஜாக் டிரைஸ், மறுநாள் மினசோட்டாவுடன் ஆட வேண்டிய நிலையில், விடுதித் தாளில் தனக்குத்தானே ஒரு குறிப்பு எழுதினார். என் இனத்தின், குடும்பத்தின், என்னுடைய மானம் நாளை பணயத்தில் இருக்கிறது என்பது அதன் சாரம். கீழே எதிரணியைப் பற்றிய கணக்கு: கூட்டமாக வந்து மறிப்பார்கள், தாழ்ந்து நின்று கண்ணைத் திறந்து வைத்து ஆட வேண்டும், இன்னின்ன திசையில் பந்தைத் திருப்புவார்கள், கவனம். உடம்பு மட்டும்தான் இருக்கிறது, மூளை இல்லை என்று எந்த இனத்தைச் சொன்னார்களோ, அந்த இனத்தின் 21 வயதுப் பிள்ளை எழுதிய ஆட்டக் கணக்கு அது.

மறுநாள் ஆட்டத்தின் தொடக்கத்திலேயே அவருடைய கழுத்துப்பட்டை எலும்பு முறிந்தது. வெளியேறாமல் ஆடினார். மூன்றாம் பகுதியில் தரையில் விழுந்தவர் மீது எதிரணியினர் ஏறி மிதித்து ஓடினார்கள். அக்டோபர் 8இல் இறந்தார். அந்தத் தாள் அவருடைய கோட்டுப் பையில் கிடைத்தது. வேண்டுமென்றே மிதித்தார்களா என்ற வாதம் இன்றும் நடக்கிறது. எனக்கு அதைவிட முக்கியமானது வேறு. அந்தப் பிள்ளை எதிரணியின் பதினொரு பேரை மட்டும் எடைபோடவில்லை. தான் ஒருவன் தவறினால் ஒரு இனமே தவறியதாக எழுதிவைக்கக் காத்திருக்கும் ஒரு சமூகத்தையும் சேர்த்து எடைபோட்டார். வெள்ளைக்கார மாணவன் ஆட்டத்தை மட்டும் யோசித்துவிட்டுத் தூங்கலாம். ஒடுக்கப்பட்டவனுக்கு அந்த வசதி இல்லை. அவருடைய பெயரை மைதானத்துக்கு வைக்க மாணவர்கள் ஆண்டுக்கணக்கில் போராட வேண்டியிருந்தது. 1997இல்தான் நடந்தது.

எதிரணியை எடைபோடுவது எப்போதும் தாளில் முடிவதுமில்லை. 1951 அக்டோபர் 20. டிரேக் பல்கலைக்கழகத்தின் ஜானி பிரைட், ஓக்லஹோமா ஏ அண்ட் எம் கல்லூரியின் ஊரான ஸ்டில்வாட்டரில் ஆட வந்தார். நாட்டிலேயே முன்வரிசை ஆட்டக்காரர், கறுப்பினத்தவர். ஆட்டம் முடியும்போது அவர் களத்தில் இருக்க மாட்டார் என்ற பேச்சு முன்பே ஊரில் உலவியது. முதல் ஏழு நிமிடங்களுக்குள், பந்து அவர் கையில் இல்லாதபோதே, ஒரே ஆள் மூன்று முறை அடித்து வீழ்த்தினார். தாடை உடைந்தது. உடைந்த தாடையோடு 61 யார்டு தூரம் பந்தெறிந்து ஒரு டச் டவுனும் போட வைத்தார் பிரைட். நடுவர்கள் தண்டிக்கவில்லை. அந்த அடியை வரிசையாகப் படம் பிடித்த இரண்டு பத்திரிகைப் புகைப்படக்காரர்களுக்கு 1952இல் புலிட்சர் பரிசு கிடைத்தது. கல்லூரி வருத்தம் தெரிவித்தது 2005இல். பிரைட் 1983லேயே இறந்துவிட்டார்.

இதற்கெல்லாம் தெற்கத்தி வெறியர்களை மட்டும் குற்றம் சொல்லித் தப்பிக்க முடியாது. வடக்கத்திக் கல்லூரிகள் "கனவான் ஒப்பந்தம்" என்று ஒன்று வைத்திருந்தன. தெற்கத்தி அணியோடு ஆடும்போது தங்கள் கறுப்பின ஆட்டக்காரரைத் தாங்களே வெளியே உட்கார வைத்துவிடும். 1940இல் நியூயார்க் பல்கலைக்கழகம் மிசௌரியோடு ஆடப் போகும்போது லெனார்ட் பேட்ஸை அப்படித்தான் விட்டுவிட்டுப் போகத் திட்டமிட்டது. வெள்ளை மாணவர்கள் உள்ளிட்டுப் பெருங்கூட்டம் "பேட்ஸ் ஆட வேண்டும்" என்று முழங்கியது. பல்கலைக்கழகம் கேட்கவில்லை. போராட்டத்தைத் தொடர்ந்த ஏழு மாணவர்கள் 1941இல் இடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த மாணவர்கள் சரியான எதிரணியைக் கண்டுபிடித்தவர்கள். அது மிசௌரியில் இல்லை, தங்கள் சொந்த நிர்வாக அலுவலகத்தில் இருந்தது.

வயோமிங்கின் பதினான்கு பேரும் அப்படித்தான். 1969 அக்டோபரில் அவர்கள் பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தோடு ஆட வேண்டும். அதை நடத்தும் மார்மன் திருச்சபை கறுப்பருக்குக் குருத்துவம் தர மறுத்துவந்தது. போட்டிக்கு முந்தைய நாள், கறுப்புப் பட்டை கட்டிக்கொண்டு, எதிர்ப்பை எப்படிக் காட்டலாம் என்று பேசப் பயிற்சியாளரிடம் போனார்கள். பதினான்கு பேரையும் அந்த இடத்திலேயே அணியிலிருந்து நீக்கினார். அதுவரை தோல்வியே காணாத அணி அது. அந்தப் போட்டியில் ஜெயித்தது, ஆனால் பருவத்தின் கடைசி நான்கு ஆட்டங்களிலும் தோற்றது. அடுத்த ஆண்டு ஒரே ஒரு வெற்றி. திருச்சபை தன் தடையை 1978இல் நீக்கியது. பல்கலைக்கழகம் மன்னிப்புக் கேட்டது 2019இல். எதிரணியைப் பற்றி எல்லாம் தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பார்கள். அவர்கள் தெரிந்து வைத்திருந்ததுதான் குற்றமாகிவிட்டது.

இங்கே ஒரு குரல் எழும். விளையாட்டே நிறவெறியை உடைத்ததே, 1970இல் தெற்குக் கலிபோர்னியாவின் சாம் கன்னிங்ஹாம் அலபாமாவுக்கு எதிராக 135 யார்டுகள் ஓடி 42-21 என்று தோற்கடித்த பிறகுதானே அலபாமா அணி கறுப்பருக்குத் திறந்தது என்பார்கள். அழகான கதை, ஆனால் பாதிதான் உண்மை. அதற்கு முந்தைய ஆண்டே அலபாமாவின் கறுப்பின மாணவர் அமைப்பு பயிற்சியாளர் மீதும் பல்கலைக்கழகத்தின் மீதும் வழக்குத் தொடுத்துவிட்டது. அந்தப் போட்டி நடந்தபோது வில்பர் ஜாக்சன் என்ற கறுப்பின மாணவர் ஏற்கெனவே சேர்க்கப்பட்டு முதலாண்டில் இருந்தார். வழக்குப் போட்டவர்களின் பெயரை மறைத்துவிட்டு, தோற்றுப்போன பயிற்சியாளரின் பெருந்தன்மைக்குப் புகழ் சேர்க்கிறது இந்தக் கதை. ஆலய நுழைவை மன்னரின் கருணை என்று எழுதுவார்களே, அதே கை.

கூலி விஷயத்திலும் இதே கைதான். "மாணவ விளையாட்டு வீரர்" என்ற சொல்லை 1950களில் கல்லூரி விளையாட்டுச் சங்கம் பிடித்துக்கொண்டதே, அடிபட்டவர்கள் தொழிலாளர் இழப்பீடு கேட்டுவிடக் கூடாது என்பதற்காக. 1955இல் ஆட்டத்தில் அடிபட்டு இறந்த ரே டென்னிசனின் மனைவிக்கு இழப்பீடு இல்லை என்று 1957இல் கொலராடோ உச்ச நீதிமன்றம் சொன்னது. அந்தச் சொல்லைப் பரப்பிய சங்கத் தலைவர் வால்டர் பையர்ஸே பிற்பாடு, 1995இல், இந்த அமைப்பில் தோட்ட முதலாளித்தனம் இருப்பதாக எழுதினார். கல்லூரிகள் ஆட்டக்காரர்களுக்கு நேரடியாகப் பணம் பங்கிட ஒப்புதல் வந்தது 2025இல்.

எல்லாவற்றுக்கும் உச்சம், மூளையையே தராசில் வைத்த கதை. தலையில் அடிபட்டு மூளை பாதித்த முன்னாள் தொழில்முறை ஆட்டக்காரர்களுக்கான இழப்பீட்டுத் திட்டத்தில், கறுப்பருக்கு அறிவுத்திறன் தொடக்கத்திலேயே குறைவு என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டிருந்தார்கள். அதனால் வெள்ளையருக்குப் பாதிப்பாகத் தெரியும் அதே மதிப்பெண், கறுப்பருக்கு இயல்பு நிலையாகிவிடும். இரண்டு முன்னாள் வீரர்கள் வழக்குப் போட்ட பிறகு, 2021இல்தான் லீக் இதைக் கைவிட ஒப்புக்கொண்டது. ஓடும்போது "மூளை வேண்டாம், உடம்பு போதும்." மூளை சிதைந்த பிறகு "உனக்கு எப்போது இருந்தது?"

தோழர்களே, பத்தாண்டுகளாக மாலை வேளைகளில் பிள்ளைகளுக்குக் கால்பந்து பழக்குகிறவன் நான். "உங்க பசங்க நல்லா ஓடுவானுங்க சார், நடுவுல ஆட கேம் சென்ஸ் வேணும்" என்று தேர்வு முகாம்களில் சொல்லக் கேட்டிருக்கிறேன். பாராட்டுப் போலத்தான் ஒலிக்கும். "உங்க பசங்க" என்றால் யார் என்று இருவருக்கும் தெரியும். இட ஒதுக்கீடு என்றதும் "தகுதி, திறமை" என்று குதிக்கிறவர்களும் இதே பள்ளியில் படித்தவர்கள்தான். தகுதியை அளக்கும் கோலைத் தாங்களே வெட்டிக்கொண்டு, நம்மை உயரம் குறைவு என்கிறார்கள்.

ஆகவே அறிவுரைகளைக் கேட்டுக்கொண்டிருக்க நமக்கு நேரமில்லை. தேர்வு முகாமில் மதிப்பெண் எந்த அடிப்படையில் போடப்பட்டது என்று எழுத்தில் கேட்போம். தேர்வுக் குழுவில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், நம்மவர் எத்தனை பேர் என்று கேட்போம். நம் பிள்ளைகளை ஓரத்தில் ஓடவிடாமல் நடுவில் நிறுத்திப் பழக்குவோம், கேப்டன் பட்டையைக் கட்டிவிடுவோம். போட்டிக்கு முந்தைய நாள் ஆளுக்கொரு தாளும் பேனாவும் கொடுத்து எதிரணியின் ஆட்டத்தை அவர்களையே எழுதச் சொல்வோம். ஜாக் டிரைஸ் யார் என்று அன்றைக்குச் சொல்லிக் கொடுப்போம். எழுதத் தெரிந்த பிள்ளையைப் பார்த்து "உனக்கு ஓட மட்டும்தான் தெரியும்" என்று எவனும் சொல்லிவிட முடியாது.