போலீஸாரின் சம்பளமும் வாய்ப்பூட்டும்

தைப்பூசக் காலத்தில் ஒட்டன்சத்திரம் வழியாகப் பழநிக்குக் கால்நடையாகச் செல்லும் யாத்ரீகர்களுக்கு இரவெல்லாம் வழிகாத்து நிற்பவர் போலீஸ் கான்ஸ்டேபிள். கேரளத்துக்குக் காய்கறி ஏற்றிச் செல்லும் லாரிகளை ஒழுங்கு செய்பவரும் அவரே. அவ்வூர்ச் சந்தையில் மூட்டை சுமப்பவர் கூலி போதாதென்று கருதினால் சங்கமாய்க் கூடி முதலாளியிடம் பேசலாம். தாலூகா கச்சேரிக் குமாஸ்தாவுக்கும் சங்கம் உண்டு. கான்ஸ்டேபிளுக்கு மட்டும் இல்லை.

இதன் பலனைச் சம்பளத்திலேயே காணலாம். 2022-ஆம் வருஷத்து ஆள்சேர்ப்பு அறிவிப்புகளின்படி, பத்தாம் வகுப்புத் தேறிய இரண்டாம் நிலைக் காவலரின் ஆரம்பச் சம்பளம் ரூ. 18,200. அதே படிப்புக்கு இளநிலை உதவியாளர் பெறுவது ரூ. 19,500. மின்விசிறியின் கீழ் உட்கார்ந்து எழுதுவதைவிட வெயிலில் நின்று உயிரைப் பணயம் வைப்பது மலிவான வேலையா? குமாஸ்தாவின் சம்பளத்தைக் குறைக்கும்படி நாம் சொல்லவில்லை.

ஆயுதம் தாங்கியவர் வேலைநிறுத்தம் செய்யலாகாது என்பதை நாமும் ஒப்புக்கொள்ளுகிறோம். ஆனால் வேலையை நிறுத்தாதே என்பதற்கும் வாயைத் திறக்காதே என்பதற்கும் பேதமில்லையா? 1918 ஆகஸ்டில் லண்டன் போலீஸார் ஆயிரக்கணக்கில் வேலையை நிறுத்தியபோது, பிரதம மந்திரி லாயிட் ஜார்ஜே பிரதிநிதிகளை அழைத்துப் பேசிச் சம்பள உயர்வுக்கு இசைந்தார். மறுவருஷம் போலீஸாருக்குத் தொழிற்சங்கம் கூடாதென்று விதித்த பிரிட்டிஷ் சட்டமே, அதற்கு ஈடாகப் போலீஸ் பெடரேஷன் என்ற பிரதிநிதி ஸ்தாபனத்தையும் ஏற்படுத்திற்று. அவ்வருஷம் மீண்டும் வேலையை நிறுத்தியவர்கள் உத்தியோகம் இழந்தார்கள் என்பதும் உண்மையே. சுதந்திர இந்தியாவோ 1966-இல் பூட்டை மட்டும் போட்டது, ஈட்டை மறந்துவிட்டது.

மறந்ததன் விளைவு 1979-இல் தெரிந்தது. பஞ்சாபில் மூண்ட போலீஸ் கிளர்ச்சி பல ராஜ்யங்களுக்குப் பரவித் தமிழ்நாட்டையும் எட்டியது. பொகாரோவில் தொழிற்பாதுகாப்புப் படையினரை அடக்க ராணுவம் ஏவப்பட்டுப் பலர் மாண்டனர்.

ஸர்க்காரின் தயாளம் போதாதா என்று கேட்பவர்கள் உண்டு. ஆர்டர்லி முறையை ஒழிக்கும் உத்தரவும் அதே 1979-இல்தான் இந்த ராஜ்யத்தில் பிறந்தது. அதை நிறைவேற்றும்படி 2022-இல் சென்னை ஹைகோர்ட்டு இடித்துரைக்க வேண்டியிருந்தது! கேட்டு வாங்க ஆளில்லாத உத்தரவு காகிதத்தில்தான் தூங்கும். 2021-இல் அளிக்கப்பட்ட வாரவிடுமுறைக்கும் இக்கதி நேராதென்று யார் ஜாமீன் நிற்பார்?

சட்டத்தை மாற்றும் வரை காத்திருக்க வேண்டுமென்பதுமில்லை. 1966-ஆம் வருஷச் சட்டம் தடுப்பது அனுமதியின்றிச் சங்கத்தில் சேருவதையே; அனுமதியளிக்கும் அதிகாரம் ஸர்க்கார் தரப்பிலேயே இருக்கிறது. ஒவ்வொரு நிலைக் காவலரும் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகளும் உள்துறை அதிகாரிகளும் கூடிப் பேச ஒரு சபை வேண்டும். உடன்பாடு ஏற்படாவிடில் ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் மத்தியஸ்தம் செய்து, அவருடைய தீர்ப்பைப் போலீஸ் மானியக் கோரிக்கையோடு சட்டசபை முன் வைக்கட்டும். அச்சபையில் பேசிய பேச்சுக்காக எந்தப் பிரதிநிதியையும் இடமாற்றம் செய்யலாகாது என்பதை அதன் முதல் விதியாக எழுத வேண்டும்.